கிருமி வந்த வழியைக் கேட்போம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ரோசி மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளையும் உடல்நலம் குன்றிய பச்சிளங்குழந்தைகளையும் பராமரிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. மொத்தம் 24 தொட்டில்கள். 2011இல் ஆறு மாத காலத்துக்குள் அங்கிருந்த 12 குழந்தைகளின் உடலில் எம்ஆர்எஸ்ஏ கிருமி இருப்பது வழக்கமான பரிசோதனைகளில் தெரியவந்தது. மெத்திசிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை மருத்துவர்கள் சுருக்கமாக இப்படி அழைக்கிறார்கள். வளர்ந்தவர்களின் மூக்கிலும் தோலிலும் எந்தத் தொந்தரவும் தராமல் அது நீண்ட காலம் குடியிருக்கும். ஒரு கிலோ எடைகூட இல்லாத குழந்தையின் ரத்தத்தில் நுழைந்துவிட்டால் உயிருக்கே உலைவைத்துவிடும்.

அந்த 12 குழந்தைகளுக்கும் கிருமி ஒரே இடத்திலிருந்து வந்ததா, அல்லது வெவ்வேறு வீடுகளிலிருந்து தனித்தனியாக வந்து சேர்ந்ததா? மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் அப்போது இருந்த வழி, எந்தெந்த ஆன்டிபயாட்டிக்குக்கு எந்தக் கிருமி கட்டுப்படுகிறது என்ற பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே. ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் நடுவில் கிருமியே தென்படாத வாரங்களும் இருந்தன. குழுவால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஷரன் பீகாக், ஜூலியன் பார்க்ஹில் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சேமித்துவைத்திருந்த கிருமிகளை எடுத்து, அவற்றின் மரபணுத்தொடரை முழுமையாகப் படித்தார்கள். சுமார் 28 லட்சம் எழுத்துகள் கொண்ட தொடர் அது. எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. அதுவரை எங்கும் பதிவாகாத புதிய வகை. பாதிப்பும் 12 குழந்தைகளோடு நிற்கவில்லை. 26 பேரிடம் அதே கிருமி இருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் தாயிடமிருந்து இன்னொரு தாய்க்கும், அங்கிருந்து வீடுகளுக்கும் அது போயிருந்தது.

கிருமி இருந்த கடைசிக் குழந்தையும் வீடு திரும்பியாயிற்று. பிரிவு முழுவதும் கழுவித் துடைக்கப்பட்டது. 64 நாட்கள் கழித்து மீண்டும் ஒரு குழந்தையிடம் எம்ஆர்எஸ்ஏ. பழைய முறையில் என்றால் இதைப் புதிய, தனித்த தொற்று என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். மரபணுவோ இது அதே குடும்பம் என்றது. தொட்டிலும் தரையும் சுத்தமாகிவிட்டன, பழைய குழந்தைகள் யாரும் இல்லை என்றால், கிருமி மனித உடலில்தான் காத்திருந்திருக்க வேண்டும். 154 ஊழியர்களிடம் மாதிரி எடுத்தார்கள். ஒரே ஒருவரிடம் அந்தக் கிருமி இருந்தது. அவர் உடல்நலத்தோடுதான் இருந்தார். தன்னிடம் கிருமி இருப்பது அவருக்குத் தெரியாது. அவருக்குக் கிருமி நீக்கச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2013இல் ‘லான்செட்’ குழும இதழில் இந்த ஆய்வு வெளியானது. அந்த ஊழியர் மருத்துவரா, செவிலியரா, தூய்மைப் பணியாளரா என்பதைப் பொதுவெளியில் பேச வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நம் மருத்துவமனைகளில் கேட்கப்படுகிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புகளுக்கு 13 என்ற அளவுக்குச் சிசு மரணம் குறைந்திருப்பதாக 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு காட்டியது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவு வரைக்கும் உழைத்தவர்களின் சாதனை இது. பிறக்கும்போதே இறந்துகொண்டிருந்த பிள்ளைகள் இப்போது பிழைத்து, வாரக்கணக்கில் இன்குபேட்டரில் இருக்கிறார்கள். ஆகவே, அடுத்த சவால் அந்த வார்டுக்குள்ளேயே இருக்கிறது.

டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பச்சிளங்குழந்தைகளின் ரத்தத் தொற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கியிருந்தது. முதலிடத்தில் இருந்தவை அசினெட்டோபாக்டரும் கிளெப்சியல்லாவும். மருத்துவமனைகளில் வேரூன்றி, பல மருந்துகளுக்கு அடங்காமல் வளர்ந்தவை அவை. முதல் மூன்று நாட்களில் தாக்கிய கிருமிகளும் அதற்குப் பிறகு தாக்கியவையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. தாயிடமிருந்து வந்திருக்கும் என்று நாம் வழக்கமாக நினைக்கும் தொற்றிலும் பிரசவ அறைக்கும் வார்டுக்கும் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகத்தை அது எழுப்பியது. சந்தேகத்தை உறுதிசெய்யவோ தள்ளிவிடவோ வேண்டுமென்றால், ஒவ்வொரு கிருமியும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாக வேண்டும்.

எழுத்துப் பிழை சொல்லும் வரலாறு

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் கையாண்ட முறைக்கும் மரபணுவை வைத்துக் கிருமி வந்த வழியைக் கண்டறியும் முறைக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்றைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழை நேரும். அடுத்துப் படியெடுப்பவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார், தன் பங்குக்கு ஒன்றைக் கூட்டுவார். எந்தெந்த ஏட்டில் எந்தெந்தப் பிழை பொதுவாக இருக்கிறது என்று பார்த்தால், எது எதிலிருந்து பிறந்தது என்று வகைப்படுத்திவிடலாம். பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதும் தன் மரபணுத்தொடரைப் படியெடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறிப்போகிறது. அந்த மாற்றம் சந்ததிக்கெல்லாம் தொடரும்.

எவ்வளவு காலத்துக்கு ஒரு மாற்றம் என்பது கிருமிக்குக் கிருமி வேறுபடும். எம்ஆர்எஸ்ஏவில் சுமார் ஆறு வாரத்துக்கு ஒன்று. காசநோய்க் கிருமியில் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒன்று. அதனால்தான் இரண்டு காசநோயாளிகளின் கிருமிகளுக்கு இடையே ஐந்து எழுத்துகளோ அதற்குக் குறைவாகவோ வேறுபாடு இருந்தால் அண்மையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கலாம் என்றும், 12க்கு மேல் போனால் அப்படி நடந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றும் இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் வரையறுத்தார்கள். காசநோய்க் கிருமியின் தொடர் 44 லட்சம் எழுத்துகள். அதில் ஐந்து எழுத்துகளை வைத்து உறவு சொல்வது, முழுத் தொடரையும் படித்தால் மட்டுமே முடியும்.

முழுத் தொடரும் படிக்கப்பட்ட முதல் பாக்டீரியா ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே. 1995இல் அது உலகச் செய்தியாக இருந்தது. இன்று அதே வேலைக்கு ஓரிரு நாட்களும் சில ஆயிரம் ரூபாயும் போதும்.

அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனையில் 2011இல் நடந்தது, இந்த முறையின் வலிமையையும் அது வெளிக்காட்டும் கசப்பையும் சேர்த்தே சொல்லும். கடைசிக்கட்ட மருந்துகளான கார்பபெனெம்களுக்கு அடங்காத கிளெப்சியல்லாவோடு ஒரு நோயாளி ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து அங்கே மாற்றப்பட்டார். மருத்துவமனைக்கு விஷயம் முன்பே தெரியும். அவரைத் தனிமைப்படுத்தினார்கள், கையுறை, மேலங்கி எல்லாம் கட்டாயமாக்கினார்கள். ஜூலை நடுவில் அவர் வீடு திரும்பினார். எல்லோரும் நிம்மதியடைந்த நேரத்தில், மூன்று வாரம் கழித்து இரண்டாவது நோயாளியிடம் அதே கிருமி. பிறகு வாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் கூடிக்கொண்டே போயிற்று. மொத்தம் 18 பேர். அவர்களில் 11 பேர் இறந்தார்கள். ஆறு மரணங்களுக்கு நேரடிக் காரணம் அந்தக் கிருமி.

முதல் நோயாளி போய் மூன்று வாரம் ஆகிவிட்டதே, இது வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஜூலி செக்ரே, எவன் ஸ்னிட்கின், டாரா பால்மோர் ஆகியோரின் குழு மரபணுக்களைப் படித்தது. எல்லாமே முதல் நோயாளியின் கிருமியின் வாரிசுகள். அவருடைய தொண்டையிலும் உடலின் பிற இடங்களிலும் இருந்த கிருமிகளுக்குள்ளேயே சில எழுத்துகள் மாறியிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவரிடமிருந்து ஒரு முறை மட்டுமல்லாமல் தனித்தனியே பல முறை கிருமி வெளியேறியிருப்பது தெரிந்தது. நோயாளிகள் கண்டறியப்பட்ட வரிசை வேறு, அவர்களுக்குத் தொற்றிய வரிசை வேறு. அறிகுறியே இல்லாமல் குடலில் கிருமியைச் சுமந்தவர்கள் நடுவில் இருந்திருக்கிறார்கள். கிருமிநாசினியால் துடைத்துச் சுத்தமானது என்று வைக்கப்பட்டிருந்த வென்டிலேட்டர் ஒன்றிலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகால்களிலும் அது இருந்தது. இதற்குப் பிறகு அந்த மருத்துவமனை புதிதாகச் சுவர் எழுப்பி நோயாளிகளைப் பிரித்தது, குழாய்களைப் பெயர்த்தது, எல்லா நோயாளிகளுக்கும் அவ்வப்போது பரிசோதனை செய்தது.

பணமும் நிபுணர்களும் குவிந்திருக்கும் ஒரு மருத்துவமனையிலேயே இது நடந்தது. அவர்கள் அதை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள் என்பதுதான் உலகத்துக்கு லாபம். கைகழுவும் தொட்டியின் வடிகாலை இன்று உலகெங்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இப்படிப்பட்ட அறிக்கைகள்தான் காரணம்.

உடலுக்குள் நடக்கும் பரிணாமம்

பரிணாமம் என்றாலே கோடிக்கணக்கான ஆண்டுகளை நினைக்கிறோம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறவி இதயக் கோளாறு கொண்ட ஒரு நோயாளியின் ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று ஏற்பட்டது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தார்கள். சுமார் மூன்று மாதச் சிகிச்சையில் அவ்வப்போது எடுத்த ரத்தத்திலிருந்து கிருமிகளைச் சேமித்தார்கள். அவர் பிழைக்கவில்லை. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதல் கிருமியையும் கடைசிக் கிருமியையும் முழுமையாகப் படித்து 2007இல் வெளியிட்டார்கள். நடுவில் 35 மாற்றங்கள். ஒவ்வொரு படியிலும் கிருமி வான்கோமைசினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கப் பழகியிருந்தது. ஒரே மனிதரின் உடலில், ஒரு பருவ காலத்துக்குள் நடந்த பரிணாமம் இது.

பாக்டீரியாவுக்கு இதைவிட வேகமான வழியும் இருக்கிறது. பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தை ஒன்று மற்றொன்றுக்குக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். வைரஸ்கள் வழியாகவும் மரபணுக்கள் இடம்மாறும். காலராவின் நச்சை உண்டாக்கும் மரபணுவே ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996இல் வால்டரும் மெக்கலனோஸும் காட்டினார்கள். 1992 இறுதியில் சென்னையில் தலைகாட்டிய ஒரு காலராவை இங்கே நினைவுகூர வேண்டும். அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலரா எல்லாம் ஓ-1 வகை. சென்னையில் கிடைத்ததோ அந்த வகைக்கான சோதனையில் அகப்படவில்லை. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று பரவி, முன்பு காலரா வந்து எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் சாய்த்தது. ஓ-139 என்று பெயரிடப்பட்ட அந்தக் கிருமியின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே ஓ-1 வகையைச் சேர்ந்த பழைய எல்டார் காலராதான் இருந்தது. மேலுறையின் சர்க்கரைக் கட்டமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுத் தொகுதி மட்டும் வெளியிலிருந்து வந்து மாறியிருந்தது.

இத்தகைய இடமாற்றத்தின் இன்னொரு சான்று வெளியானபோது நாம் நடந்துகொண்ட விதம் இன்னும் உறுத்துகிறது. 2010 ஆகஸ்ட்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி, கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமதி வால்ஷ் உள்ளிட்ட குழுவினர் என்டிஎம்-1 மரபணு பற்றி எழுதினார்கள். கார்பபெனெம் மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதியை உண்டாக்குவது அது. சென்னையில் 44 கிருமிகளிலும், ஹரியாணாவில் 26இலும், பிரிட்டனில் 37இலும், இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73இலும் அது கிடைத்தது. பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் ஏறி இருந்ததால், ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது.

மரபணுவின் பெயரிலுள்ள ‘என்டி’ நியூ டெல்லியைக் குறித்தது. நாடே கொதித்தது. இந்தியாவோடு இதை இணைப்பது நியாயமில்லை என்று மத்திய சுகாதாரத் துறை மறுத்தது. வெளிநாட்டு நோயாளிகளின் வருகையைக் கெடுக்கும் சதி என்று பேசப்பட்டது. ஓர் ஊரின் பெயரை நோயோடு ஒட்டுவது தவறு என்ற ஆதங்கத்தில் நியாயம் இருந்தது. பெயரைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கிருமியைப் பற்றி நாம் பேசவில்லை. அடுத்த ஆண்டே டெல்லியில் எடுத்த குழாய் நீர் மாதிரிகள் 50இல் இரண்டிலும், தெருவில் தேங்கிய கசிவுநீர் மாதிரிகள் 171இல் 51இலும் அந்த மரபணு இருப்பதாக ஆய்வு வந்தது. அதையும் மறுத்தோம். பிறகு 2012இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’, ஆன்டிபயாட்டிக் விற்பனையைக் கட்டுப்படுத்த 2014இல் நடைமுறைக்கு வந்த எச்-1 மருந்து அட்டவணை, 2017இன் தேசியச் செயல்திட்டம் என்று மருந்து எதிர்ப்பைத் தடுக்க அடுத்தடுத்து நல்ல காரியங்கள் நடந்தன. அவற்றுக்கு உந்துதல் தந்ததில், நாம் அவமானமாகக் கருதிய அந்த ஆய்வுக்கு முக்கியமான பங்கு உண்டு.

மறுப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குணமல்ல. 2010 ஜனவரி நிலநடுக்கத்தால் நொறுங்கிப்போயிருந்த ஹைத்தியில், அந்த ஆண்டு அக்டோபரில் காலரா வெடித்தது. நூறாண்டாக அங்கே காலரா பதிவாகியிருக்கவில்லை. ஆர்ட்டிபோனைட் ஆற்றின் கிளை ஓடையருகே ஐநா அமைதிப்படையின் நேபாளப் பிரிவு முகாமிட்டிருந்தது. அங்கிருந்துதான் கழிவு கலந்தது என்று ஊர்மக்கள் முதல் நாளிலிருந்தே சொன்னார்கள். ஐநா ஏற்கவில்லை. 2011இல் நேபாளத்திலிருந்து பெற்ற 24 மாதிரிகளை ஹைத்திக் கிருமிகளோடு ஒப்பிட்டார்கள். அவற்றில் மூன்று, ஹைத்திக் கிருமிகளிடமிருந்து ஒன்றிரண்டு எழுத்துகளில் மட்டுமே வேறுபட்டன. சுமார் பத்தாயிரம் பேரைப் பலிகொண்ட அந்தத் தொற்றுக்காக ஐநா பொதுச் செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். ஊர்மக்கள் சொன்னதை மரபணு உறுதிசெய்த பிறகும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

நமக்கு இன்னும் நெருக்கமானது, 2023இன் கண் சொட்டு மருந்து விவகாரம். அமெரிக்காவின் பல மாகாணங்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மருத்துவமனைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும், சூடோமோனாஸ் தொற்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்பட்டது. சிலருக்குக் கண்ணில், சிலருக்கு நுரையீரலில், சிலருக்குச் சிறுநீரில், சிலருக்கு ரத்தத்தில். இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க மேலோட்டமான காரணம் எதுவும் இல்லை. மரபணுத்தொடர் ஒன்றாக இருந்தது. அந்த நாட்டில் அதற்கு முன் பார்த்திராத வகை. இவர்கள் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தியது என்ன என்று தேடியபோது செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து கிடைத்தது. அது சென்னையை அடுத்த ஓர் ஆலையில் தயாரானது. 18 மாகாணங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், நால்வர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போயிற்று, நான்கு பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. இங்கே சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் கூறினார்கள். திறக்கப்படாத குப்பிகளில் கிருமி இருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உறுதிசெய்தது.

அந்தச் செய்தியைப் படித்த நாட்களில் என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. இதுபோன்ற ஒரு குப்பி மதுரையிலும் திருநெல்வேலியிலும் விற்பனையாகி, அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று பார்வை இழந்திருந்தால், அவர்களை ஒரே நூலில் கோக்க நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

தட்டு குப்பைக்குப் போவதற்கு முன்

நம்மிடம் எதுவுமே இல்லை என்று சொல்வது அநியாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருந்து எதிர்ப்புக் கண்காணிப்புக் கட்டமைப்பு 2013 முதல் இயங்குகிறது. வேலூர் சிஎம்சியின் நுண்ணுயிரியல் துறை டைபாய்டு, கிளெப்சியல்லா மரபணு ஆய்வுகளில் உலகம் மதிக்கும் இடத்தில் இருக்கிறது. சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேமித்த தென்னிந்தியக் காசநோய்க் கிருமிகளை முழுமையாகப் படித்து 2017இல் வெளியான ஆய்வு, உலகின் மற்ற பகுதிக் கிருமிகளை வைத்து வடிவமைத்த விரைவுச் சோதனைகள் இங்குள்ள சில மருந்து எதிர்ப்புகளைக் கோட்டைவிடக்கூடும் என்று எச்சரித்தது. தென்னிந்தியாவில் ஓங்கி நிற்பது காசநோய்க் கிருமியின் முதலாம் மரபுவழி. மேலைநாட்டு ஆய்வுகளில் அதற்கு இடம் குறைவு. இதை நாம்தான் படிக்க வேண்டும், வேறு யாரும் நமக்காகப் படிக்கப்போவதில்லை.

கருவியும் இருக்கிறது. கரோனா காலத்தில், 2021 செப்டம்பரில், சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள மாநிலப் பொது சுகாதார ஆய்வகத்தில் சுமார் 4 கோடி ரூபாய் செலவில் முழு மரபணு வரிசைப்படுத்தும் கூடம் திறக்கப்பட்டது. ஒரு மாநில அரசு சொந்தமாக இதை அமைத்தது அன்று பெருமையோடு பேசப்பட்டது, நியாயமான பெருமைதான். வைரஸைப் படிக்க வாங்கும் கருவி பாக்டீரியாவையும் படிக்கும்.

விடுபட்டிருப்பது நடுவில் உள்ள கண்ணிகள். வார்டிலிருந்து தொடங்குவோம். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும் என்பது பாடநூல் விதி. நெரிசலில் பல இடங்களில் அது நடப்பதில்லை. மருந்து போன பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். அப்படியே எடுத்து, ஆய்வகத் தட்டில் கிருமி வளர்ந்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற அறிக்கை வார்டுக்குப் போய்விட்டால், அந்தத் தட்டின் வேலை முடிந்தது. சில நாட்களில் அது ஆட்டோகிளேவுக்குள் போய், அழிக்கப்பட்டுக் கழிவாகிவிடும். அதே வாரத்தில் பக்கத்துத் தொட்டிலின் குழந்தைக்கு அதே பெயருடைய கிருமி வந்தால், இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட முதல் கிருமி இருக்காது. கேம்பிரிட்ஜிலும் பெத்தெஸ்டாவிலும் கதை வெளியே வந்ததற்கு முதற்காரணம், கிருமிகளை எடுத்துவைத்திருந்தார்கள் என்பதே. சிறு குப்பியில் கிளிசரால் கலந்து, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் போட்டுவைத்தால் ஆண்டுகள் கழித்தும் உயிரோடு எடுக்கலாம். ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைக்கும் இப்படியொரு உறைபெட்டி, தடையில்லா மின்சாரம், குப்பிகளுக்குக் கணக்கு வைக்க ஓர் ஆய்வக நுட்பநர். நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இரண்டாவது, வேகம். ஓராண்டு கழித்து ஆராய்ச்சி இதழில் வரும் கட்டுரை மருத்துவருக்குப் பட்டம் தரும். வார்டில் இருக்கும் குழந்தைக்கு உதவாது. பச்சிளங்குழந்தைப் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ ஒரே கிருமி இரண்டு பேரிடம் தென்பட்டால், ஒரு வாரத்துக்குள் மரபணு முடிவு அந்த வார்டின் பொறுப்பு மருத்துவரிடமும் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடமும் வந்து சேர வேண்டும். காசநோய்க் கிருமிகளை இங்கிலாந்து 2017 முதல் அன்றாட வேலையாகவே இப்படிப் படித்து முடிவு சொல்கிறது.

மரபணு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. இரண்டு கிருமிகள் நெருங்கிய உறவு என்று சொல்லும். யாரிடமிருந்து யாருக்கு என்பதைப் பல நேரம் உறுதியாகச் சொல்லாது. மாதிரி எடுக்கப்படாத மூன்றாவது நபர் நடுவில் இருக்கலாம். அதனால் எந்தக் குழந்தை எந்தத் தேதியில் எந்தத் தொட்டிலில் இருந்தது, எந்த உறிஞ்சுக் குழாய் யாருக்குப் பயன்பட்டது என்று செவிலியர் பதிவேட்டில் எழுதும் விவரம், மரபணுத்தொடருக்குச் சமமான சாட்சியம். ஒரு செவிலியர் இத்தனை குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்ற வரம்பைத் தாண்டி வேலை வாங்கும் வார்டில் அந்தப் பதிவேடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கருவிக்குக் கோடிகளை ஒதுக்கிவிட்டுச் செவிலியர் பணியிடத்தைக் காலியாக வைத்திருந்தால், முடிவு அரைகுறையாகத்தான் இருக்கும்.

இதோடு சேர்ந்தது, தண்டனை பற்றிய பயம். மருத்துவமனையில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தால் நம் நாட்டில் என்ன நடக்கும் என்பதை எல்லோரும் அறிவோம். மாலைக்குள் யாராவது ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்படுவார். பெரும்பாலும் அவர் கடைநிலையில் இருப்பவர். தன் மூக்கிலிருந்து மாதிரி கொடுத்தால் வேலை போகும் என்றால், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் எதற்குக் கொடுக்க வேண்டும்? கேம்பிரிட்ஜில் 154 பேரிடம் மாதிரி எடுக்க முடிந்ததென்றால், கிருமி இருப்பதற்காகத் தன்னை யாரும் குற்றவாளியாக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். கிருமியைச் சுமப்பது குற்றமல்ல, அதற்கான சிகிச்சைக் காலத்தில் சம்பளம் பிடிக்கப்படாது, பெயர் வெளியிடப்படாது என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். நாட்டுக்கே முன்னோடியாக 1939இல் பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலத்துக்கு இதைச் செய்வது கடினமல்ல.

அதேபோல மருத்துவமனையையும் முதல் நாளே தூக்கிலிடக் கூடாது. எந்த வார்டில் தொற்றுப் பரவல் கண்டறியப்பட்டது, என்ன திருத்தப்பட்டது என்று ஆண்டுதோறும் வெளியிடும் மருத்துவமனை, எதுவும் நடக்கவில்லை என்று சொல்லும் மருத்துவமனையைவிட நம்பத்தக்கது என்பதை ஊடகத்தில் இருக்கும் நாமும் ஏற்கப் பழக வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் இதே கட்டாயம் வேண்டும். அங்கே கட்டணம் உயர்ந்தது என்பதால் கிருமி குறைந்துவிடுவதில்லை.

பெற்றோரிடம் என்ன சொல்வது என்பது எல்லாவற்றிலும் கடினமானது. தங்கள் குழந்தைக்கு வந்த தொற்று பக்கத்துத் தொட்டிலிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்தது என்று மரபணு காட்டினால், அதை அவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஏதோ பாவம், ஏதோ குறை, நான் சரியாகச் சாப்பிடவில்லையோ என்று தன்னையே நொந்துகொண்டு காலமெல்லாம் கழிக்கும் தாய்மார்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு உண்மை தெரியும் உரிமை இருக்கிறது.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்க முடியாது. ஒரு மருத்துவமனையில், ஒரே ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில், ஓராண்டு வளரும் எல்லா ரத்தக் கிருமிகளையும் சேமித்துப் படித்து, வாரந்தோறும் வார்டுக்கு முடிவு சொல்லிப் பார்க்கலாம். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலிருந்து தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துக்குக் குளிர்பெட்டியோடு இருசக்கர வாகனத்தில் போக அரை மணி நேரம் ஆகும். வரும் நிதிநிலை அறிக்கையில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கையின்போது இதற்கு ஒரு வரி ஒதுக்கினால், அடுத்த மாதமே அந்தப் பயணம் தொடங்கலாம்.